நெகட்டிவ் சாமி பதவி இழந்த நாள்

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்போது கன்ட்ரோல் சீரம் பெட்டியில் வருகிறது. சுற்றிலும் ஐஸ் வைத்து, சின்னக் குப்பிகளில், லேபிள் ஒட்டி வருகிறது. எங்கள் காலத்தில் அது கரமனையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தது. நெற்றியில் விபூதி, கையில் தயிர்சாத டப்பா, கக்கத்தில் குடை. கிழக்கேகோட்டையில் இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நடந்து வந்து லேபுக்குள் நுழையும். எங்கள் லேபின் நெகட்டிவ் கன்ட்ரோல் நான்தான்.

நான் பத்தாம் வகுப்பும் அதற்குமேல் ஒரு வருட லேப் கோர்ஸும் படித்தவன். பெரிய பெரிய விஷயங்களை எழுத எனக்கு வராது. பகவான் புண்ணியத்தில் ரிட்டயர் ஆகும்வரை கை நடுங்காமல் வேலை பார்த்தேன். ஒரே ஒரு நாள் நடுங்கியது. அதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில் எங்கள் லேப். கீழே வார்டு. மலையடிவாரத்து வித்துராவிலிருந்தும் அதற்கு மேலே இருக்கும் எஸ்டேட்டுகளிலிருந்தும் காய்ச்சல்காரர்கள் வருவார்கள். அவர்களில் சிலருக்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கும். நாய், மாடு இவற்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற உண்ணி கடித்து, அதன் வழியாக ஒரு கிருமி உள்ளே போய் வருகிற காய்ச்சல். அந்தக் கிருமியை எங்களைப் போன்ற லேபில் வளர்க்க வழியில்லை. ஆகவே அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கிருமியைப் பாட்டிலில் வாங்கி வைத்திருப்போம். நோயாளியின் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி இருக்கிறதே, அது முகஜாடையைப் பார்த்து ஏமாந்து இந்தக் கிருமியையும் பிடித்துக் கட்டிப்போடும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் தம்பிக்கு மாலை போடுகிற மாதிரி. கண்ணாடிக் குழாயின் அடியில் திரிந்த பால் மாதிரி கட்டி பிடித்தால் பாசிட்டிவ். கலங்கலாகவே நின்றால் நெகட்டிவ்.

நோயாளி ரத்தத்தோடு, அந்த நோய் இல்லாத ஒருவர் ரத்தத்தையும் பக்கத்துக் குழாயில் வைக்க வேண்டும். அது கலங்கலாகவே நிற்க வேண்டும். அதிலும் கட்டி பிடித்தால் அன்றைய பரிசோதனை மொத்தமும் சந்தேகத்துக்கு உரியது. விலைக்கு வாங்குகிற வசதி அப்போது இல்லை. நோய் இல்லாத ஒரு மனிதர் வேண்டும். எங்கே போவது?

மேடம் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். மேடம் என்றால் எங்கள் லேபுக்குத் தலைமை டாக்டர். என்னைவிட வயதில் சிறியவர். மலையாளி, ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"வீட்ல பட்டி வளர்க்கறவங்க யாரு?" என்று கேட்டார். பட்டி என்றால் மலையாளத்தில் நாய். எங்கள் ஜூனியர் டெக்னீஷியன் ஷீபா கை தூக்கினாள்.

"காட்டுப் பக்கம் போறவங்க?"

மலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து சாம்பிள் கொண்டுவரும் டிரைவர் ஷாஜி கை தூக்கினான். "நான் மாசாமாசம் பொன்முடி போவும் மேடம்."

"எதுக்கு?"

"குடிக்கான்," என்றான் ஷாஜி. அவனுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. கள், பீஃப், பீடி மூன்றும் உண்டு. கடவுள் மட்டும் கிடையாது.

மிச்சம் நின்றது நான். நாய் இல்லை, மாடு இல்லை, காடு இல்லை. ஹோட்டலில் ஒரு காபிகூடக் குடித்ததில்லை. என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். குழாய் அழகாகக் கலங்கி நின்றது.

"சாமிதான் நம்ம நெகட்டிவ்," என்றார் மேடம்.

அன்றிலிருந்து எனக்கு நெகட்டிவ் சாமி என்று பெயர். என்னை ஒரு தடவை குத்தி எடுக்கிற சீரம் ஃப்ரீஸரில் சில வாரம் வரும். தீர்ந்ததும் மறுபடி சட்டைக் கையைச் சுருட்டி உட்காருவேன். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். ரத்தம் கொடுக்கிற நாளில் குளித்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கல்யாணங்களில் சாப்பிடுவதை நிறுத்தினேன். தெரு முழுக்க என் மனைவி சொல்லி வைத்திருந்தாள். எதிர்வீட்டு மாமிக்கு ஒரு சந்தேகம்.

"நெகட்டிவ்னா கொறைச்சல் இல்லையோ? எங்காத்துப் பிள்ளைக்கு மார்க்குல நெகட்டிவ் போட்டான்னு அழுதானே."

"லேபுல நெகட்டிவ்தான் மாமி ஒசத்தி," என்றாள் என் மனைவி. "இவர் ரத்தத்தப் பக்கத்துல வெச்சுண்டுதான் ஊரார் ரத்தத்தையே பார்க்கறா."

மாமி என்னைக் கைகூப்பிப் பார்த்தார். நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் மலைப் பக்கத்திலிருந்து சாம்பிள்கள் நிறைய வர ஆரம்பித்தன. "சாமி ரத்தம் சரியா இருக்கணும், கேட்டோ," என்று மேடம் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. வித்துரா தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் குலதெய்வம் சாஸ்தா கோவில் இருக்கிறது. "ஐயப்பா, என் ரத்தம் என்றைக்கும் லேபுக்கு உபயோகப்படணும்" என்று வேண்டிக்கொண்டு, சயனப் பிரதட்சிணம் செய்வதாக நேர்ந்துகொண்டேன். அதாவது ஈர வேட்டியோடு கோவிலைச் சுற்றி உருண்டு வருவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நிறைவேற்றினேன். மனைவி முன்னால் நடந்து கல்லையும் முள்ளையும் ஒதுக்கிவிட்டாள். நான் புல்லில் உருண்டேன். தேங்காய்க் கடை வாசலில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து என்கூடவே வந்தது. நான் உருண்டால் அது நடக்கும். நான் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்று என் காதை நக்கும். விரட்ட எனக்கு மனம் வரவில்லை. பைரவரே துணைக்கு வருகிறார் என்று கண்ணில் நீர் வந்துவிட்டது. முடித்துவிட்டுப் பாயசத்தில் பாதியை அதற்கு வைத்தேன். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் உடம்பு வலித்தது. இரண்டு நாள் மேலெல்லாம் கொதித்தது. உருண்டவனுக்கு வலிக்காமல் இருக்குமா என்று மனைவி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சரியாகிவிட்டது. இடுப்பில் பெல்ட் படுகிற இடத்தில் ஒரு சின்னப் புண். பெல்ட் உரசியது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் பொன்னம்மா வந்தாள்.

மலை மேலே எஸ்டேட்டில் தேயிலை கிள்ளுகிறவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். காய்ச்சல் விடாமல் அடித்தது. டைபாய்டு என்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், இறங்கவில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள். கண் திறக்காமல் கிடந்தாள். வார்டு டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர், ஆனால் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்பார். உண்ணிக் காய்ச்சலா என்று லேப் சொல்லட்டும், இல்லை என்றால் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் சுடலைமுத்து எங்கள் மாடிப் படியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து என்னை விடவில்லை.

"சாமி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க. எங்கண்ணன் அங்க போயிதான் திரும்பி வரல."

"நான் யாரு சொல்ல? ரத்தம் பார்த்துச் சொல்றேன்."

"நல்லாப் பாருங்க சாமி. நிதானமாப் பாருங்க. சீக்கிரமாவும் பாருங்க."

முந்தின தடவை எடுத்த என் சீரம் தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்குப் புதிதாக என்னைக் குத்தி எடுத்து, பொன்னம்மாவின் குழாய்களுக்குப் பக்கத்தில் என் குழாய்களையும் வைத்தோம். மறுநாள் காலையில் வந்து சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, இன்குபேட்டரைத் திறந்தேன்.

பொன்னம்மாவின் குழாயில் கட்டி பிடித்திருந்தது. பக்கத்தில் என் குழாயிலும் பிடித்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் குழாயின் அடியில் இன்னும் அழகாகப் பிடித்திருந்தது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம்.

ஷீபா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. என்மேல் ரொம்பப் பிரியமான பெண்.

"சாமி, யாரும் காணல. ஒரு குலுக்கு குலுக்குனா கலைஞ்சு போகும்," என்று காதோடு சொன்னாள்.

பிள்ளைகளே, உங்களிடம் யாராவது கெட்ட எண்ணத்தோடு வந்து தப்புச் செய்யச் சொன்னால் நீங்கள் சுலபமாக மறுத்துவிடுவீர்கள். பிரியத்தோடு வந்து சொல்வார்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றச் சொல்வார்கள். அப்போதுதான் கஷ்டம். என்னைக் கேட்டால், குலுக்க வேண்டிய அவசியமே இல்லை. என் கை நடுங்கிய நடுக்கத்தில் அதுவாகவே கலைந்திருக்கும். அதனால்தான் குழாயைக் கையில் எடுக்காமல் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். நமக்குப் பிடிக்காத குழாயைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிடித்த குழாய் எங்கேயும் ஓடிவிடாது.

மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

"சாமி, இது நிங்களா?"

"நான்தான் மேடம்."

"ஒண்ணுகில் பாட்டில் கேடு. இல்லெங்கில் சாமி கேடு."

"பாட்டில்தான் கெட்டிருக்கும் மேடம்," என்றேன். எனக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? நான் ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காதவன்.

"பாட்டில் கேடுன்னா பொன்னம்மாவோட ரிசல்டும் கேடு," என்றார் மேடம். "அப்போ அவங்களுக்கு உண்ணிக் காய்ச்சல்னு நம்மளால சொல்ல முடியாது. டாக்டர் வண்டி வரவழைச்சுடுவார்."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் நல்லவன் என்றால் பொன்னம்மாவின் பரிசோதனை பொய். அவளுடையது நிஜமாக வேண்டும் என்றால் எனக்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருக்க வேண்டும். சாஸ்தா என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தினார் பாருங்கள்.

மேடம் முதலில் செய்த காரியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். குழாயை ஆராயவில்லை. போனை எடுத்தார். வார்டு டாக்டரை அழைத்தார்.

"என் ரிப்போர்ட் ரெடி இல்லை. சாயங்காலம்தான் தர முடியும். ஆனா நீங்க உண்ணிக் காய்ச்சல் மாத்திரையை இப்பவே ஆரம்பிங்க... இல்லை டாக்டர், காகிதம் இல்லாமத்தான். என் குழாய் தப்புன்னா இந்த மாத்திரையில அவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் நஷ்டமில்லை. குழாய் சரின்னா, சாயங்காலம் வரைக்கும் காத்திருந்த நேரம் நஷ்டம்... உள்ளங்காலைப் பார்த்தீங்க அல்லே? அது போதும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, மேடம் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "மாத்திரை கொடுக்கறார். ஆனா சாயங்காலம் நாம தெளிவாச் சொல்லலைன்னா மெடிக்கல் காலேஜ்தான்னு சொல்லிட்டார். வாங்க எல்லாரும். ரத்தம் கொடுங்க."

"எதுக்கு?" என்றான் வாசலில் நின்ற ஷாஜி.

"புது நெகட்டிவ் தேடணும். ஷீபா, நீ, கவுண்டர்ல இருக்கற சேச்சி, நான், எல்லாரும். அதே பாட்டில்ல எல்லார் குழாயும் கலங்கலா நின்னா பாட்டில் சரி. எல்லாத்துலயும் கட்டி பிடிச்சா பாட்டில் கேடு. வாட்டர் பாத்துல, வெந்நீர்ச் சூட்டுல வெச்சா சாயங்காலத்துக்குள்ள தெரியும்."

ஷாஜி சுவரோடு ஒட்டிக்கொண்டான். "மேடம், எனக்குச் சூசியப் பார்த்தா தலை கறங்கும்."

"தினமும் நூறு பேரோட ரத்தத்தைத் தூக்கிண்டு வரயே," என்றேன்.

"அது மத்தவங்க ரத்தம் சாமி."

நான்தான் அவனுக்குக் குத்தினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி ஏறியதும் "ஐயப்பா" என்றான். கடவுள் இல்லாதவன் என்று நான் முன்னால் எழுதியதை அந்த ஒரு நிமிஷத்துக்கு அடித்துவிடுங்கள்.

குழாய்களை வெந்நீர்ப் பெட்டியில் வைத்த பிறகு மேடம் என்னைத் தன் அறையில் உட்கார வைத்து விசாரித்தார். போலீஸ் தோற்றுவிடும்.

"சாமி காட்டுக்குப் போனீங்களா?"

"இல்லை மேடம். கோவிலுக்குத்தான் போனேன்."

"கோவில் எங்க?"

"கொஞ்சம் காட்டுல."

"அங்க என்ன செஞ்சீங்க?"

"உருண்டேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க உருண்டீங்க?"

"புல்லுல மேடம். நேர்ச்சை."

"பட்டியைத் தொட்டீங்களா?"

"பட்டியைத் தொடலை," என்றேன். பிறகு மனசாட்சி உறுத்தியது. "பைரவரைத் தொட்டேன்."

"அவருக்கு வால் உண்டா?"

"உண்டு மேடம்."

மேடம் அதோடு விசாரணையை முடித்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தோள் குலுங்க இருந்தார். பிறகு ஷாஜியைக் கூப்பிட்டு, "சாமியைக் கூட்டிட்டுப் போய் உடம்புல எங்கயாவது கறுத்த பொட்டு மாதிரிப் புண் இருக்கான்னு பாரு," என்றார். உண்ணி கடித்த இடத்தில் சிலருக்கு அப்படி இருக்கும்.

ஸ்டோர் ரூமில் பழைய பெட்டிகளுக்கு நடுவில் என்னை நிற்க வைத்து ஷாஜி டார்ச் அடித்தான். சட்டையைக் கழற்றினேன். முதுகைப் பார்த்தான். அக்குளைப் பார்த்தான். காதுக்குப் பின்னால் பார்த்தான்.

"சாமி, பூணூல் நீக்கு."

"பூணூலுக்கு அடியில உண்ணி வராதுடா."

"உண்ணிக்கு அது அறியுமோ?" என்றான்.

பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னான். டார்ச்சோடு குனிந்தான். நான் சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாமி," என்றான் மெதுவாக. குரலில் கேலி இல்லை. "உண்டு."

பெல்ட் உரசிய புண் என்று நான் நினைத்தது நடுவில் கறுத்து, காய்ந்து, கடுகளவுக்குப் பொருக்குத் தட்டியிருந்தது. வார்டு டாக்டரே மாடிக்கு வந்து பார்த்தார். மாணவன் மாதிரி ஆவலாகப் பார்த்தார். ஒரு லென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். என் இடுப்பை அத்தனை பேர் அத்தனை மரியாதையோடு அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

கதவுக்கு வெளியே சுடலைமுத்து நின்றிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"சாமிக்கும் எங்க பொன்னம்மாவுக்கு வந்ததேதானா?" என்றார்.

"அப்படித்தான் போலிருக்கு. சாயங்காலம் தெரியும்."

அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "அப்ப பயமில்ல. சாமி நல்லா எந்திரிச்சு நடமாடுதீங்களே."

எனக்கு வந்த வியாதியில் ஒருவருக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் சாயங்காலம் வரை அவரைவிட நான்தான் அதிகம் தவித்தேன். பாட்டில் கெட்டிருந்தால் என் பெயர் மிஞ்சும். அவர் மனைவி வண்டியில் ஏற வேண்டும். வெந்நீர்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஐயப்பா, நான் பாசிட்டிவாகவே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்ட லேப் டெக்னீஷியன் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மேடம் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஷீபா, கலங்கல். கவுண்டர் சேச்சி, கலங்கல். மேடம், கலங்கல். ஷாஜியின் குழாயை எடுத்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தோம். மோர் மாதிரி நின்றது. ஒரு துளி கட்டி கிடையாது. அத்தனை சுத்தமான நெகட்டிவை நான் பார்த்ததில்லை. என்னுடையதுகூட நல்ல நாளில் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அதே பாட்டில், அதே தண்ணீர். மறுபடி வைத்த என் குழாயில் கட்டி. பொன்னம்மாவின் குழாயில் கட்டி. பாட்டில் சரி. சாமிதான் கேடு.

"கள்ளு ஒரு மருந்தாணுன்னு நான் எப்பவே சொன்னதல்லே," என்றான் ஷாஜி.

"நீ பேசாம இரு," என்றார் மேடம். நீங்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

மேடம் போன் செய்தார். வண்டி வரவில்லை. சுடலைமுத்து படியிலிருந்து எழுந்து கீழே வார்டுக்கு ஓடினார். செருப்பு ஒன்று எங்கள் படியிலேயே கிடந்தது.

எனக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் மனைவியின் நிம்மதிக்காகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். கீழே பொன்னம்மாவும் மேலே நானும் ஒரே மாத்திரையை விழுங்கினோம். சுடலைமுத்து தினமும் மேலே வந்து என்னிடம் விசாரிப்பார். "சாமி இன்னிக்கு எப்படி இருக்கீங்க? அவளுக்கு இன்னிக்குக் கொஞ்சம் வேத்திருக்கு. உங்களுக்கு வேத்துச்சா?" நான் வேர்த்தது என்றால் திருப்தியாகப் போவார். மறுநாள், அவள் கண் திறந்தாள், கஞ்சி கேட்டாள் என்றார். "சாமி கஞ்சி குடிச்சீங்களா?" என்றார். தயிர்சாதம் சாப்பிட்டேன் என்றதும் முகம் சுருங்கியது. "காய்ச்சலுக்குத் தயிர் ஆகாது சாமி," என்று என்னைக் கண்டித்துவிட்டுப் போனார்.

பொன்னம்மா நடந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போன நாளில் இருவரும் மாடிக்கு வந்தார்கள். ஒல்லியான பெண். நான் எழுந்து நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் உள்ளங்கால் எரிஞ்சுதா சாமி?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா."

"எனக்கு எரிஞ்சுது," என்றாள். தனக்குத்தான் பெரிய காய்ச்சல் என்பதில் அவளுக்கு ஒரு நியாயமான பெருமை இருந்தது. நான் விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் பதவி ஏற்பு. ஷாஜி எங்கள் புது நெகட்டிவ். அவனுக்குத் தலை சுற்றும் என்பதால் ரத்தம் எடுக்கிற நாளில் ஃபில்டர் காபி வேண்டும் என்று கேட்டான். ஹோட்டல் காபி ஆகாதாம், எங்கள் வீட்டுக் காபியே வேண்டுமாம். என் மனைவி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவாள். "அந்தக் கள்ளுக்குடியனா இப்போ நெகட்டிவ்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஆனால் டிகாஷனில் தண்ணீர் கலந்ததில்லை.

இளையவர்களே, நெகட்டிவ் என்பது நடத்தைச் சான்றிதழ் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு உண்ணி தேவைப்பட்டது. ரத்தம், ஒருவன் எத்தனை விரதம் இருந்தான் என்று சொல்லாது. அவனை எது கடித்தது என்று மட்டும்தான் சொல்லும். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் "இரண்டு நாள் மேலெல்லாம் கொதித்தது" என்று டீ குடிக்கும்போது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் எத்தனை பெரிய சாமியாக இருந்தாலும் சரி. எப்போதும் சரியாக வருகிற குழாய் ஒரு நாள் மாறி வந்தால், குழாயையும் நம்புங்கள், பாட்டிலையும் சந்தேகியுங்கள், இரண்டையும் விசாரித்து முடிக்கிறவரை நோயாளியைக் காக்க வைக்காதீர்கள். மேடம் அன்றைக்குப் போனை எடுத்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பரிசோதனை.

பதவி போன துக்கத்தில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது மேடம் கூப்பிட்டார்.

"சாமி, ஒரு காரியம். இத்தனை நாளும் நம்மகிட்ட நெகட்டிவ் மட்டும்தான் இருந்தது. நிச்சயமா கட்டி பிடிக்கும்னு தெரிஞ்ச ஒரு பாசிட்டிவ் சீரம் இல்லை. புதுப் பாட்டில் வந்தா வேலை செய்யுதான்னு பார்க்க வழியில்லை. சாமி ரத்தம் இப்போ சில மாசத்துக்கு நல்ல பாசிட்டிவ். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஃப்ரீஸர்ல வெச்சா ரொம்ப நாளைக்கு வரும். தரீங்களா?"

சட்டைக் கையைச் சுருட்டினேன். அதற்கப்புறம் வந்த காய்ச்சல்காரர்களுக்கெல்லாம் ஒரு பக்கம் ஷாஜி, மறுபக்கம் நான் என்று காவல் நின்றோம். லேபிளில் ஷாஜியின் பெயர் பக்கத்திலேயே என் பெயர்.

மேடம் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையும் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். உருண்டு உருண்டு வேண்டிக்கொண்டதற்கு சாஸ்தா இப்படிச் செய்துவிட்டாரே என்று. அவள் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, உருள்றச்சே என்னன்னு வேண்டிண்டேள்?"

"என் ரத்தம் என்னிக்கும் லேபுக்கு உபயோகப்படணும்னு."

"நெகட்டிவா இருக்கணும்னு சொன்னேளா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"பின்ன என்ன கொறை?" என்றாள். ரசம் ஊற்றினாள்.

அடுத்த மாதம் நன்றி சொல்லக் கோவிலுக்குப் போனோம். இந்தத் தடவை முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு, நடந்தே சுற்றினேன். தேங்காய்க் கடை வாசலில் அந்த நாய் படுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. நான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, தூரத்தில் இருந்தபடியே ஒரு பெரிய கும்பிடாகப் போட்டேன். பாயசத்தை இலையோடு தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.